பாட்டோடு விலைக்கு வந்த மோட்டார் படகு

மச்சினன் சுப்பிணி இன்று காலை என்னை வள்ளக்கடவுப் படகுத்துறைக்கு இழுத்துப் போனான். யுத்தத்துக்கு முந்திய மோட்டார் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். அதை வாங்க அவன் விற்கப்போவது, அவனும் என் மனைவியும் பங்காக வைத்திருக்கும் தென்னந்தோப்பை.

பழைய எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதை முடுக்கியதுமே நாலு படகுக்காரர்கள் தொண்டை கிழிய வஞ்சிப்பாட்டு ஆரம்பித்தார்கள்.

“பாட்டை நிறுத்தச் சொல்லும்” என்றேன் விற்பவரிடம்.

“அய்யோ சாரே, பாட்டில்லாம எஞ்சின் ஓட்டினா தோஷமாக்கும்!”

“நீங்க எதைத்தான் ரசிச்சிருக்கேள், அத்திம்பேர்?” என்றான் சுப்பிணி, தாளம் போட்டபடி. என் கல்யாணக் கச்சேரியில் நானே தூங்கிவிட்டதாக ஊரெல்லாம் சொன்னவன் இவன்தான்.

நான் கையிலிருந்த குடையின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன். பாட்டையும் மீறி, உள்ளே யாரோ உரலில் இடிப்பதுபோல் கேட்டது.

“பேரிங் போச்சு. நீயே கேளு” என்று குடையை அவனிடம் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டான். பிறகு விற்பவரிடம் திரும்பினான்.

“தாளம் பிசகவே இல்லையே, ஓய்! இந்தப் பாட்டுக்காராளும் படகோட வருவாளா?”

வீட்டுக்கு வந்து, தோப்பு போகப்போகிறது என்று மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“எந்தப் பாட்டு பாடினா?”

வாசகசாலைப் பலகையில் நான் ஒட்டியிருக்கும் இதைப் படிக்கும் நண்பர்களில் மச்சினன் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதலாம். தாராளமாக இடம் விட்டிருக்கிறேன்.