மூலையில் சேராத பட்டை

செஞ்சியில் இப்போது யாரும் வீடு கேட்பதில்லை, எலிவேஷன், அதான் முகப்பு, கேட்கிறார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி குறுக்கால கோடு கோடா வேணும்" என்பார்கள். முகப்பில் சிமெண்டுப் பட்டை ஓடினால் ஒடுங்கின வீடுகூட அகலமாகத் தெரியும். அதற்குத்தான் இத்தனை ஆசை. அப்படிப் பட்டை இழுக்கத் தனகோட்டி மேஸ்திரியை விட்டால் ஆள் கிடையாது என்று ஊரில் பேர். இருபத்திரண்டு வருடமாகக் கட்டிக் காத்த பேர். போன தை மாதத்திலிருந்து அந்தப் பேரோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை வியாதியில் இடது கண் மங்கிவிட்டது. வலது கண்ணும் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. மனைவி ராஜாம்பாளுக்கு மட்டும் தெரியும். அவள்தான் அவருக்குச் சித்தாளும்.

திருவண்ணாமலை ரோட்டில் ஆனந்தராஜ் கட்டிய வீடு மூலை மனை, சுற்றிலும் வெட்டவெளி. அதனால் பட்டை நாலு பக்கமும் சுற்றி வந்து, வாசல் மூலையில் தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப்; நடுவில் காற்று புகுந்தால் மட்டம் தப்பிவிடும். ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில்; தண்ணீர் நிற்கும் இடத்தை அவள் விரலால் தொட்டுக் காட்ட, அவர் குறி வைப்பார். நாலு சுவருக்கும் முதலில் குறி வைத்துச் சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் தனகோட்டிக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சுவர், குறி வைத்த கையோடு பூச்சு. தன் கை தப்பாது என்கிற திமிர்தான், வேறென்ன.

நாலாம் நாள் பட்டை சுற்றி வந்தது. சேரவில்லை. இரண்டு விரல் அளவு கீழே இறங்கி நின்றது. பாழாய்ப்போன கண்ணுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னாடி டியூப் புடிச்ச?" என்று கத்தினார்.

"ஒழுங்காத்தான் புடிச்சேன். பின்னாடி செவுரு பாக்கும்போது டியூப்புல காத்துக் குமிழி இருந்துச்சு."

"பாத்துட்டா சும்மா இருந்த?"

"மேல்சித்தாமூர் வூட்ல ஒருவாட்டி சொன்னேன். சித்தாளு சித்தாளா இரு, மட்டம் பாக்கறது என் வேலைன்னு அத்தினி பேர் எதிர்ல சொன்ன. அன்னிலேருந்து நான் வாயத் தொறக்கறதில்ல."

சொன்னது அவருக்கு நினைவிருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்ததும் நினைவிருந்தது.

சாயங்காலம் ஆனந்தராஜ் வந்து பார்த்தார். "இன்னா மேஸ்திரி, இங்க படி மாதிரி எறங்குது?"

ராஜாம்பாள் முந்திக்கொண்டாள். "நான்தான் சார் டியூப சரியாப் புடிக்கல. அவர் மேல தப்பில்ல."

தனகோட்டி மறுக்கவில்லை. பேர் பிழைத்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது. இப்படியும் ஒரு நிம்மதி வருமா என்று அடுத்த நிமிடமே உடம்பு கூசியது.

"அப்ப நாளைலேருந்து வேற சித்தாள வச்சுக்கங்க. இவங்க வேணாம்," என்றார் ஆனந்தராஜ், சாதாரணமாக.

ராஜாம்பாள் சாந்துச் சட்டியைக் கழுவப் போனாள்.

"சார்," என்றார் தனகோட்டி. "தப்பு என்னுது. எனக்குக் கண்ணு தெரில. எட்டு மாசமா இவ கண்ணாலதான் ஓட்டினு இருக்கேன். இவ இல்லன்னா எனக்குக் கோடு வராது."

ஆனந்தராஜ் புறப்படத் திரும்பினார். "இத மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல? நான் போன் பண்றேன்."

வீட்டுக்கு நடக்கும்போது ராஜாம்பாள் வழியெல்லாம் திட்டினாள். "ஏன்யா சொன்ன? நான் ஒரு வூட்டுக்குப் போகலன்னா குடியா முழுகிடும்?"

போன் வரவில்லை. பத்து நாளில் ஊருக்கே தெரிந்துபோயிற்று. பேசி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

அமாவாசைக்கு இருவரும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். எப்படியோ ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆனந்தராஜ் வீடு வந்தபோது தனகோட்டி திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

"ராஜாம்பா, பட்டை சேந்துச்சான்னு பாத்துச் சொல்லு."

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலையை வெளியே நீட்டி, நிதானமாகப் பார்த்தாள்.

"சேந்துடுச்சு. பின்னாடி செவுத்தயும் அதுக்கடுத்த செவுத்தயும் கொத்திட்டு வேற ஆளு போட்டுருக்கான்."

"முன்பக்கம்?"

"அது நீ இழுத்ததுதான். மட்டமாத்தான் இருக்குது. அதத் தொடல."

தனகோட்டி மறுபடி கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் எதிரிலும் அழுதார்.