பிளக் நானாவின் கையில் இருந்தது

பேய், முனி, ஆவி என்று எவராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு, அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று யாராவது ஊரில் கதைத்தால் அவர்கள் புத்தி அவ்வளவுதான். நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நம்புவதென்றால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் வேலையைப் பாருங்கள். பேய்க்கதைக்கு இரவு வேண்டும், மழை வேண்டும் என்பார்கள். எனக்கு இது நடந்தது பட்டப்பகலில், கண் கூசுகிற வெயிலில்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணி. ஊரை ஒட்டிக் கடலோடு சேருகிற களப்பில் பிடிபடும் மீனையும் இறாலையும் கரையிலேயே வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, பிக்கப்பில் வாழைச்சேனைக்குக் கொண்டுபோவதுதான் தொழில். என் புருஷன் ஓட்டுவார், நான் மீனை நிறுத்து வாங்குவேன். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அதே பிக்கப்பின் பின் சீட்டில் என் மடியில் படுக்கவைத்து, அவருடைய தம்பி சசி ஓட்ட, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். களப்பின் மேலுள்ள பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், இனி நானே ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டவும் தெரியும், இரண்டு பிள்ளைகளுக்குச் சோறும் போட வேண்டும். சாவு நடந்த வாகனத்தை அப்படியே எடுக்கக் கூடாது, தோஷம் போகக் கழிப்புக் கழிக்க வேண்டும் என்று சசி பூசாரியைக் கூட்டிவந்தான். என் புருஷனைப் பெற்ற மாமியின் மனம் நோகக் கூடாது என்று நானும் தலையாட்டினேன். வேப்பிலை, எலுமிச்சம்பழம், நீற்றுப்பூசணி எல்லாம் வந்தன. கடைசியில் பூசாரி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரில் உப்பைக் கரைத்து வாகனத்தின் உள்ளும் புறமும் ஊற்றினார். வாகனம் குளிரட்டும் என்றார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலை, பாலத்தில் ஏறின உடனே மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது, எஞ்சின் செத்துப்போனது போல இழுவையை விட்டுவிட்டது. நின்றுபோகவில்லை, ஊர்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் போகிற வேகம்தான். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. அடுத்த கிழமையும் அப்படி. அதற்கடுத்த கிழமையும். எல்லாம் பாலத்தில்தான். ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் செத்த இடம், அவருடைய வாகனம், ஓட்டுகிறவள் பெண்டாட்டி.

சசி மாமியை முன்னால் இருத்திவைத்துக்கொண்டு சொன்னான். "மச்சாள், அண்ணன் விடுறாரில்ல. பொம்பிளை கையில வாகனம் போறது அவருக்கு மனமில்ல. சாவியத் தாங்க, நான் ஓடுறன்."

"உன்ட அண்ணன் உயிரோட இருக்கக்க என்னத்த விடல்ல? இந்த வாகனத்த எனக்குப் பழக்கினதே அவர்தான்," என்றேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆம்பிளை ஓட்டும்போது இழுவை விட்டால் வயர், பொம்பிளை ஓட்டும்போது விட்டால் பேய். நல்ல நியாயம். மாமி அழுதுகொண்டே ஒரு முடிவு சொன்னார். கராஜில் காட்டு, வாகனத்தில் பிழை என்றால் நீயே ஓட்டு, பிழை ஒன்றும் இல்லையென்றால் சாவியைச் சசியிடம் கொடுத்துவிடு. நான் ஓம் என்றேன். அந்தச் சாவி போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

வாழைச்சேனைக்குப் பக்கத்தில் ஓட்டமாவடியில் ஹனீபா என்று ஒருவர், எல்லாருக்கும் நானா, அண்ணன் முறை, வாகனங்களுக்கு வயர் வேலை செய்கிறவர். யாரையும் சிரித்து வரவேற்கிற ஆள் இல்லை. சசியும் கூடவே வந்தான், நான் ஏமாற்றிவிடுவேனாம். கராஜுக்குள் வெக்கை தாங்காமல் அவன் வெளியே வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். நானா ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஆக்சிலேட்டர் பெடலில்தான் பிழை காட்டுகிறது என்றார். இந்தக் காலத்து வாகனத்தில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் இல்லை. கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதைப் பெடலில் இருக்கும் ஒரு சென்சர் வயர் வழியாகச் சொல்லும். அந்தச் சேதி ஒழுங்காகப் போகாவிட்டால் எஞ்சின் பயந்து தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை எனக்கு விளங்கப்படுத்திவிட்டு நானா எஞ்சினை ஓடவிட்டபடியே குனிந்து, பெடலுக்கு மேலே இருந்த பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பச்சையாகக் களிம்பு. பச்சையைச் சுற்றி மஞ்சள்.

"தங்கச்சி, இதுக்குள்ள என்னத்த ஊத்தின நீங்க?"

சொன்னேன். நானா என்னை ஒரு பார்வை பார்த்தார். உப்பும் மஞ்சளும் பிளக்குக்குள் போய்க் கம்பியைத் தின்றிருக்கின்றன. பாலம் தொடங்கும் இடத்தில் தார் தாழ்ந்து ஒரு துள்ளல் துள்ளுமே, அதில் பிளக் ஆடி, பிடி விட்டுப்போகிறது. அதுதான் ஒவ்வொரு முறையும் பாலம். "பேயக் கலைக்க ஊத்தின தண்ணிதான் தங்கச்சி உங்கட பேய்," என்றார். அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். சாவி என் கையில்தான் இனி என்று மனது துள்ளியது.

அப்போதுதான் எஞ்சினின் சத்தம் மாறியது.

மெதுவாக ஏறியது. யாரோ பக்குவமாக மிதிப்பது போல. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. நானா வெளியே, கதவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் அவருக்குப் பின்னால். பிளக் அவர் கையில். பெடல் அசையவில்லை, நான் நன்றாகப் பார்த்தேன், துளிகூட அசையவில்லை. ஆனால் ஸ்கேனரில் கால் மிதிக்கிற அளவைக் காட்டும் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றினால் அந்தக் கோடு தரையில் கிடக்க வேண்டும். எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, நானாவே பிறகு சொன்னது.

கோடு ஏறி, கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறி, நடுவில் இரண்டு முறை தொட்டுத் தொட்டு விட்டது. அதற்கேற்றபடி எஞ்சினும் உறுமி அடங்கியது. நானா கையிலிருந்த பிளக்கையும் ஸ்கேனரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "உங்கட அவரா?"

"இல்ல நானா. அவர் மிதிச்சா மிதிச்சதுதான். தொட்டுத் தொட்டு ஓடுற ஆளில்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பாலத்துத் துள்ளலுக்கு முன்னால் காலை எடுப்பது, பாலத்தின் நடுவில் தூண்டில்காரர்களுக்காக இரண்டு முறை விட்டுவிட்டு மிதிப்பது, அவர்களைத் தாண்டியதும் மெல்லக் கூட்டுவது. ஊரில் வேறு எவரும் அப்படி ஓட்டுவதில்லை.

"நானா, இது என்ட கால்," என்றேன்.

அவர் திரும்பி என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செருப்போடு சீமெந்துத் தரையில் இருந்தது. அந்த நேரம் கோடு விறுவிறு என்று உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. எஞ்சின் அலறியது. கராஜின் தகரம் அதிர்ந்தது. நானா பாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தார்.

சசி ஓடிவந்தான். "என்ன நானா, எஞ்சின உடைக்கிறதுக்கா கொண்டுவந்த நாங்க?"

நானா என்னைப் பார்க்கவேயில்லை. "டெஸ்ட் பண்ணினன் தம்பி," என்றார். பிளக்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தா, உங்கட பூசாரிட வேலை. வயர். வேற ஒண்ணுமில்ல."

சசி அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "போய் மாமிக்கிட்ட இதச் சொல்லு. நான் சொன்னா நீ பொய் எண்டுவாய்," என்றேன். போய்ச் சொன்னான், அதை மறைக்காமல் சொன்னான், அந்த அளவுக்கு அவன் நேர்மையானவன்தான். நானா புது பிளக் போட்டு, இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததில்லை. வாகனம் இப்போது என் பெயரில்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் சாவி போயிருக்கும். அதனால் மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வாகனத்தில் பிழை இருந்தது, பிழையைத் திருத்தினோம், நான் ஓட்டுகிறேன். மற்றதற்கு என்னிடம் விளக்கம் இல்லை, நானாவிடமும் இல்லை. தண்ணீர் வேறெங்காவது இறங்கி ஸ்கேனரைக் குழப்பியிருக்குமா என்று கேட்டேன். ஸ்கேனர் குழம்பலாம், எஞ்சின் ஏன் உறுமியது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்றுதான் என் தலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அந்தக் கோட்டில் முன்பாதி நான் தினமும் ஓட்டுவது. தூண்டில்காரர்களைத் தாண்டிய பிறகு, பாலம் முடிகிற இடத்தில், அந்தக் கால் அடிமட்டம் வரை மிதித்துவிட்டு எடுக்கவேயில்லை. அங்கே நான் ஒருநாளும் அப்படி மிதித்ததில்லை. மிதித்தால் பின்னால் பெட்டியெல்லாம் சரிந்து மீன் ரோட்டில் கிடக்கும். அது இனி ஒருநாள் நான் மிதிக்கப்போகிற மிதி என்றால், எதற்காக மிதிப்பேன், எதைக் கண்டு மிதிப்பேன், தெரியவில்லை. தினமும் காலையில் அந்த இடத்துக்கு வரும்போது ரோட்டைப் பார்க்கிறேன், கண்ணாடியில் பின்னாலும் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுமில்லை. அதற்காக வேறு ரோட்டால் போகிற ஆள் நான் இல்லை.