மகளின் பரீட்சைக்கு நாங்களும் போனோம்

போன கிழமை நான் பலெர்மோ பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தரை துடைக்க இல்லை... மகள் பரீட்சையில் பதில் சொல்வதைக் கேட்க.

ஓம், கேட்கத்தான். இந்த இத்தாலியில் பல்கலைக்கழகப் பரீட்சை பெரும்பாலும் வாய்மொழிதான். பேராசிரியர், இங்கே புரொபெசோரே, கேட்பார், பிள்ளை சொல்லவேண்டும். கதவு திறந்தே இருக்கும். யாரும் போய் உட்காரலாம். இதை மகள் சுமதி சாப்பாட்டு மேசையில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் சொல்லக்கூடிய செய்தியா இது?

என் மனைவி ராணி அடுத்த நாளே லீவு கேட்டுவிட்டாள். பட்டுச்சேலைக்கு அயர்ன் போட்டாள். மேல்வீட்டு பிலோமினா அக்கா, மன்னார் ஆள், தானும் வருவதாகச் சொல்லி மீன் ரோல்ஸ் பொரித்தார். அரங்கேற்றத்துக்குப் போகிற ஆயத்தம்தான்.

"அப்பா, ப்ளீஸ்... ஒருத்தரும் வரவேண்டாம். எனக்கு வெர்கோஞ்ஞா" என்றாள் சுமதி. வெட்கமாம். பட்டால் படட்டும் என்று போனோம்.

விஷயம் சின்னது இல்லை. இந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே ஒருதரம் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் விட்டால் ஸ்கொலர்ஷிப் போய்விடும். அதோடு படிப்பும் நின்றுவிடும்.

பாடம் என்ன தெரியுமா? பொருளாதாரச் சிந்தனையின் வரலாறு. இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் நாப்போலியிலும் மிலானோவிலும் சிலர் ஒரு கேள்வி கேட்டார்களாம் — நாடு பணக்கார நாடாவது எதற்கு, சனங்கள் சந்தோஷமாக இருக்கத்தானே? லத்தீனைத் தள்ளிவைத்துவிட்டு, சனங்களின் பாஷையிலேயே பாடமும் நடத்தினார்களாம். சுமதி குசினியில் சத்தமாகப் படித்ததில் எனக்கே பாதி பாடம். 'பொது நம்பிக்கை' என்று ஒன்றைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். தங்கமும் கப்பலும் இருந்து என்ன? ஒருவரை ஒருவர் நம்பாத ஊரில் வியாபாரம் நடக்காது என்பது அதன் சாரம்.

நாங்கள் உள்ளே போக, புரொபெசோரே மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எல்லாரும் பரீட்சைக்கா?"

"இல்லை, பிள்ளைக்குத் துணைக்கு" என்றேன். அவர் சிரித்தார். சுமதி சிரிக்கவில்லை.

புத்தகக் கேள்விகளுக்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னாள். பிறகு அவர் புத்தகத்தை மூடிவிட்டார். "பொது நம்பிக்கைக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள். இந்தக் காலத்தில், இந்தப் பலெர்மோவில்."

மாஃபியாவுக்குப் பேர்போன பலெர்மோவில் நம்பிக்கைக்கு உதாரணம் கேட்பது கொஞ்சம் குறும்பான கேள்விதான். சுமதி குனிந்துகொண்டாள். ராணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். போச்சு என்றே நான் நினைத்தேன்.

சுமதி திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு தன் சிசிலி வாடை அடிக்கும் இத்தாலியனில் தொடங்கினாள்.

"என் அம்மா ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவருக்கு ஒபரேஷன் நடந்தபோது, வேலையையும் வீட்டுச் சாவியையும் இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். அந்தப் பெண்ணுக்கு அப்போது வேலை இல்லை. இங்கே தங்கும் அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேலை கட்டாயம் தேவை. வீட்டுக்காரச் சிஞ்ஞோராவோ நீயே இருந்துவிடு என்று சொல்லிவிட்டார். ஆனால் அம்மா எழும்பி நடந்ததும் அவர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு வேலை கிடைக்காமல் பிறகு எவ்வளவோ அலைந்தார்."

"ஏதும் எழுதிக் கையெழுத்து வைத்தார்களா?"

"இல்லை."

"அவர் சாவியைத் தராமல் விட்டிருந்தால்?"

"அப்படி அம்மா யோசித்ததே இல்லை, புரொபெசோரே. பொது நம்பிக்கை என்று அவர்கள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் வந்திருக்கிறார். என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்."

வரவேண்டாம் என்று கெஞ்சிய பிள்ளை, கையை நீட்டி எங்களைக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பெருமையடிக்கிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்... இந்தக் கிழமை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளை நினைத்துப் பெருமை. எங்கள் ஆட்களை நினைத்து அதைவிடப் பெருமை.

புரொபெசோரே கதிரையை விட்டு எழும்பினார். பிலோமினா அக்காவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். பிறகு உட்கார்ந்து முப்பதுக்கு முப்பது போட்டார்.

அக்காவுக்குத் தெரிந்தது குசினி இத்தாலியன். அந்தப் படித்த பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் என்னை ஒதுக்கமாக இழுத்தார்.

"தம்பி, என்னைக் காட்டி ஏதோ கதைச்சவள். அந்த மனுசனும் எழும்பி நிண்டவர். என்ன விஷயம்?"

"ராணியின்ரை வேலையை நீங்கள் திருப்பிக் குடுத்ததைச் சொன்னவள், அக்கா. அதுக்குத்தான் முழு மார்க்ஸ்."

அக்கா என்னை நம்பாமல் பார்த்தார்.

"அதுக்கு ஏன் மார்க்ஸ்? அது ராணியின்ரை வேலைதானே."