தடுப்புக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நெய்வேலியில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு சேலம் போகிற வண்டி. விருத்தாசலத்தில் எங்கள் வீடு மெயின் ரோட்டின் மேலேயே இருந்ததால், போகிற போக்கில் வாசலில் ஆரன் அடிப்பார். சாப்பாட்டுக் கேரியரை எட்டி நீட்டுவேன். பின்னால் பஸ் கத்தும். ஒரு சிரிப்பு, உடனே கிளம்பிவிடுவார். எங்கள் குடித்தனமே அவ்வளவுதான்.

பைபாஸ் திறந்ததும் அதுவும் போயிற்று. "ஓனரு பைபாஸ்லயே போவச் சொல்லிட்டாரு. வூட்டாண்ட வர முடியாது" என்று போனில் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ரோட்டையே கொத்திப் போட்டிருப்பேன். தெரு அமைதியாகிவிட்டதென்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மத்தியானமானால் காது வாசலிலேயே கிடந்தது.

சில நாள் பொறுத்தேன். பிறகு வேலை செய்யும் பீங்கான் பட்டறையில் சொல்லிவிட்டு, பொம்மைச் சாயம் ஒட்டிய கையோடு, கேரியரை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு பைபாஸுக்குப் போய் நின்றேன். பிறந்த ஊரை வெளியிலிருந்து அன்றுதான் பார்க்கிறேன். வெயிலில் கோபுரங்கள் லேசாக அசைந்தன. சூளைப் புகை எழ மனமில்லாமல் வயல்மேல் படுத்திருந்தது. ஊர்ச் சத்தம் எதுவும் எட்டவில்லை. அங்கே எனக்கொரு வீடு இருக்கிறது என்பதே யாரோ சொன்ன கதை போலிருந்தது. உட்கார்ந்தபடியே கண் சொக்கியது.

ஆரன் கேட்டு விழித்தேன். அவர் வண்டிதான், ஆனால் நடுத் தடுப்புக்கு அந்தப் பக்கம். சேலம் போகிற வண்டி எந்தப் பக்கம் வரும் என்று யோசிக்காமல் ஊர்ப் பக்கமே நின்றிருக்கிறேன், மண்டு.

ஓரம் கட்டி இறங்கினார். நான் ஒரு கால் எடுத்து வைத்ததும் இரண்டு கையையும் ஆட்டித் தடுத்தார். போன் அடித்தது.

"தாண்டாத! அடிச்சிட்டுப் போயிடுவானுங்க."

"பாலத்துக்கு அடியில சுத்திக்கிட்டு வரேங்க."

"அது ரொம்ப தூரம். சாப்புடுற நேரம்தான் நிக்கலாம், மேல ஆச்சுன்னா ஓனரு கேப்பாரு."

"அப்ப இந்தச் சோறு?"

"என்னா கொழம்பு?"

"கருவாடுங்க."

வண்டிகள் அவரை மறைப்பதும் காட்டுவதுமாக ஓடின. "எங்கிட்ட புளிசோறு இருக்குது. நீ அங்கயே உக்காந்து சாப்புடு" என்றார்.

லாரி நிழலில் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். நான் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். இருவருமே போனை வைக்கவில்லை. அவர் மெல்லுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. கல்யாணமானதிலிருந்து ஒரு வேலை நாளில் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதே கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைத்ததை அங்கிருந்தே பார்த்துவிட்டார்.

"என்னா, காரம் தூக்கலா?"

"ஆமாங்க" என்றேன்.