தூக்கம் வராத மாத்திரை

என் மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் டெலிபோன் போர்டில் லைன் இணைத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது 1993 மாசியில். தை என்று அவள் இன்றும் சாதிப்பாள். சிவராத்திரிக்கு மறுநாள்தான் சேர்ந்தாள், ஆகவே மாசிதான். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வோம் என்றார்கள். எங்களுக்கு ராஜபாளையத்தில் சொந்த வீடு. எனக்கு அங்கே காயத்துக்குக் கட்டும் காஸ் துணி, பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம்தானே என்று நினைத்தோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும் என்பதை நினைக்கவில்லை.

எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தாள், வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்தாள். எதுவும் உதவவில்லை. அந்த மாதக் கடைசியில் உடம்பெல்லாம் தடிப்பு வந்து, டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய அன்று வாந்தி இல்லை. மறுநாளும் இல்லை. அரிப்புதான் வாந்திக்குக் காரணம் என்று முடிவு கட்டினோம். தடிப்பு மறைந்தது, மாத்திரையை நிறுத்தினாள், வாந்தி திரும்பியது.

மருந்துக்கடை பாயிடம் போனேன்.

"பஸ்ஸுக்கும் அதான் சார் குடுக்கோம். ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடச் சொல்லுங்க. கொமட்டின பொறவு போட்டுப் பிரயோசனம் இல்ல."

"அரிப்புக்கும் வாந்திக்கும் ஒரே மாத்திரையா?"

"நீங்கதான் எம்புட்டோ படிக்கீங்க. எங்கிட்ட கேட்டா?"

வாந்தி நின்றது. தூக்கம் வந்தது. காதில் ஹெட்போனோடு போர்டு முன்னால் கண் சொக்கினாள். ஒருநாள் குடோன்காரர் நேரிலேயே வந்து நின்றாராம்.

"ஏம்மா, நான் கேட்டது பஞ்சு ஆபீஸு. நீங்க குடுத்தது மொதலாளி வீட்டு அடுப்பங்கரை. லோடு எப்ப வரும்னு அந்தம்மாகிட்ட சத்தம் போட்டுட்டேன். 'இட்லி வெந்த பொறவு வரும்'னாவ!"

அலுவலகமே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை நடந்தால் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை என்றுவிட்டார்.

இதைக் கேட்ட பாய் முகம் மலர்ந்தார். "புதுசா ஒண்ணு வந்திருக்கு. அதே ஒவ்வாமை மாத்திரைதான், ஆனா தூக்கம் வராது." விலை அதிகம். நல்ல மருந்து என்பதற்கு அதுவே சாட்சி என்று வாங்கினேன். மறுநாள் அவள் முழு விழிப்போடு வாந்தி எடுத்தாள்.

நூலகத்தில் ஓர் அறிவியல் இதழில் விஷயம் அகப்பட்டது. பஸ் ஆடுவதை உள்காது உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகைப் பார்த்து, எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்தக் குழப்பம் வாந்தியைத் தூண்டும் இடத்தை எட்டுவதில் ஹிஸ்டமின் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. பழைய மாத்திரை மூளைக்குள் புகுந்து, ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. நம்மை விழித்திருக்க வைப்பதும் அதே ஹிஸ்டமின்தானாம். புது மாத்திரை தோலில் அரிப்பை அடக்கும். மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. அதனால் தூக்கமும் வராது, வாந்தியும் நிற்காது. கட்டுரை எழுதியவரே "என்று கருதப்படுகிறது" என்றுதான் முடித்திருந்தார்.

"அப்ப தூங்கினாத்தான் வேலைக்குப் போக முடியும், போனா தூங்கக் கூடாது. அம்புட்டுத்தானே?" என்றாள் மனைவி.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிபோவது என்று தீர்மானித்தோம். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான்களை லாரியில் ஏற்றினோம். வேலை இல்லாத நாள், வாந்தி வந்தால் வரட்டும் என்று அவள் மாத்திரை போடவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் நல்ல தண்ணீர் வரும் என்று வழிநெடுக விசாரித்துக்கொண்டே வந்தாள். புது வீட்டு வாசலில் இறங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமே செய்யலயே."

முன்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்ததால் கண்ணும் காதும் ஒத்துப்போயிருக்கலாம் என்றேன். கட்டுரையில் அதுவும் இருந்தது.

"அப்ப பஸ்ஸுல முன்சீட்டுல உக்காந்திருந்தாப் போதுமா? வீட்டை ஏன் மாத்துனோம்?"

லாரி மேலிருந்து ஆள் கேட்டார்: "சார், எறக்கவா, வேண்டாமா?"

"எறக்குங்க" என்றாள் அவள்.

ஆவணியில் அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ் ஏறுவது என் பாடாயிற்று. எந்த மாத்திரையும் போடாமலே, ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அது ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.