மாடு சாய்த்த கம்பங்கள்

லியோட்டா காலையில் மேட்டுக்கு வந்து பார்த்தபோது கம்பங்கள் மறுபடியும் சாய்ந்து கிடந்தன. வெள்ளைப் பூச்சில் சிவப்பு மயிர் ஒட்டியிருந்தது. மாட்டு மயிர். தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமைதான் எல்லாவற்றையும் நிமிர்த்தி ஊன்றியிருந்தாள்.

அமெரிக்காவில் வயோமிங்கின் அந்தப் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரம் கிடையாது. அங்கே ஓர் இரும்புக் கம்பத்தை நட்டால் மாடு சும்மா இருக்குமா? கழுத்தைத் தேய்க்கும், முதுகைத் தேய்க்கும், கம்பம் படுக்கும்வரை விடாது. மாடு விட்டுவைத்ததையும் வேட்டைக்கு வருகிறவன் விடமாட்டான். துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று பார்க்க அவனுக்குக் கம்பத்தின் தகடுதான் கிடைக்கும். ‘குடியேறிகளின் வண்டித் தடம்’ என்று எழுதிய தகட்டில் எழுத்தைவிட ஓட்டைதான் அதிகம்.

எல்லாம் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் ஆரம்பித்தது. மாட்டு வண்டிகளில் மேற்கே குடியேறப் போனவர்களின் வழி இது என்று நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல் நின்றது. “வழி எங்க? காட்டுங்க” என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். அவளுக்கும் தெரியவில்லை. கல்லை வைத்தவர்கள் கார் நிறுத்த வசதியாக ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தடம் வேறெங்கோ கிடந்தது. எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடக் கிளம்பியவள் தடத்தைக் கண்டுபிடித்து நெடுகக் கம்பம் நட ஆரம்பித்தாள்; அதன்பிறகு வீடு தங்கவில்லை. “நீ கட்டிக்கிட்டது என்னையா, கம்பத்தையா?” என்று கேட்டுக் கேட்டு அலுத்த புருஷன், கடைசியில் தானே பெயின்ட் வாங்கிவந்து கொடுத்தான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மேடும் மாடுகளும் ஆர்விட்டுடையவை. செத்துப்போன அவள் தங்கை நெல்டாவின் புருஷன். அவனிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

“உன் மாட்டை இந்தப் பக்கம் விடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“அதுக்கு அரிக்குது லியோட்டா. நானா போய் சொறிஞ்சு விட முடியும்?”

“தடத்தைச் சுத்தி ஒரு வேலி போடு.”

“செத்துப்போன வண்டிக்காரனுக்கு வேலியா? அவனை வந்து போட்டுக்கச் சொல்லு.”

ஆனால் இந்த முறை விளையாட்டில்லை. தூரத்து மலைமேல் காற்றாலைகள் வரப்போகின்றன. அவற்றை ஏற்றிவரும் பெரிய லாரிகளுக்காக இந்த மேட்டை நேராக வெட்டிச் சாலை போடத் திட்டம். பழைய தடம் இங்கே இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் சாலை சுற்றிக்கொண்டு போகும். அதைப் பார்த்து எழுத இன்று ஆள் வருகிறார். கம்பங்களோ தரையில் படுத்திருக்கின்றன.

ஆர்விட்டுக்கு நேர்ச்சாலை வேண்டும். ஆசையால் அல்ல. நெல்டாவுக்கு மூச்சடைத்த அன்று ஆம்புலன்ஸ் பனியில் மேட்டைச் சுற்றி வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

அளவைக்காரர் டோபியாஸ் வந்தது உச்சி வெயிலில். லியோட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காலையிலயே வாங்கன்னு கெஞ்சினேனே தம்பி! வெயில் சாய்ஞ்சு விழுந்தாத்தான் பள்ளம் தெரியும்.”

“வர்ற வழியில டயர் போயிடுச்சும்மா. தடம் எங்கேருந்து எங்க போகுது?”

அவள் கையை நீட்டிக்கொண்டே நடந்து காட்டினாள். புல் ஒரே நிறமாகக் காய்ந்து கிடந்தது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எனக்கு எல்லாம் ஒரே புல்லாத்தான் தெரியுது.”

அந்த நேரம் பார்த்து மாடுகள் தண்ணீருக்குக் கிளம்பின. ஒன்றன்பின் ஒன்றாக மேட்டின்மேல் ஏறி வந்தன. கால்கள் முட்டிவரை புல்லுக்குள் இறங்கியிருந்தன. பள்ளத்தின் நெடுகிலும் வரி பிசகாமல் நடந்தன.

“அதோ! மாடு போகுது பாருங்க, அதான் தடம்!” என்று கத்தினாள் லியோட்டா.

“அது மாட்டுத்தடம்மா. நடந்து நடந்து விழுந்த பள்ளம்.”

“மாட்டுத்தடமா! ஐயோ கடவுளே! வண்டிச்சக்கரம் வெட்டின பள்ளம், நடக்கச் சுலபமா இருக்குன்னு மாடு அதுல போகுது!”

“இருக்கலாம். ஆனா எதை வச்சு எழுதுறது?” டோபியாஸ் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிய ஆர்விட்டிடம் திரும்பினார். “ஐயா, நிலம் உங்களுது. நீங்களே சொல்லுங்க. இது மாட்டுத்தடம்தானே?”

அவன் ஆமாம் என்றால் போதும். லியோட்டா ஆயுசு முழுக்க நட்ட கம்பமெல்லாம் வீண்.

ஆர்விட் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

“தண்ணித் தொட்டியை அந்தப் பக்கம் மாத்தினதே போன கோடையிலதான். அதுக்கு முன்னால கீழ ஓடையிலதான் குடிச்சுதுங்க. மேட்டுல அங்கங்க மேயும், ஆனா வரிசையா இந்த வழியில நடந்ததே கிடையாது. ஒரு வருஷத்துல இவ்வளவு ஆழம் பறிக்க அது மாடா, புல்டோசரா? என் மாட்டு மேல பழி போடாதீங்க தம்பி.”

“அப்போ சாலை சுத்தித்தான் போகும். உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும். எழுதிக்கங்க.”

டோபியாஸ் எழுதிக்கொண்டு போனார். லியோட்டா ஆர்விட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்டா அப்படிச் சொன்னே?”

“உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லி ரோடு வாங்கியிருந்தா நெல்டா என்னைச் சும்மா விட்டிருப்பாளா?” என்றவன் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டைப் பார்த்தான். “பனி விழுந்தா இனி சாகுற வரைக்கும் சுத்திக்கிட்டுத்தான் போகணும்.”

அவனைத் திட்டியே பழகிய வாயில் நன்றி என்ற சொல் வரவில்லை. வேறொன்று வந்தது, அதுவும் சண்டைக்குப் போகிற குரலில்.

“டவுன்ல என் வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. பனிக்கு முன்னாடி மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து சேரு. ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கிட்டு நீயும் அங்க கிடக்க வேண்டாம்.”

“நான் வந்துட்டா மாட்டை யாரு பார்ப்பா?”

“மாடு! எப்பப் பாரு மாடு! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகூடடா சண்டை போடுறது?”