செவலைக்கு ஊட்டிய பொங்கல்

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது எங்களிடம் மூன்று பசுக்கள் இருந்தன. அவற்றில் இரண்டு வற்றிவிட்டன. செவலை ஒன்றுதான் கறந்துகொண்டிருந்தது. சந்திலுள்ளவர்களின் காப்பிக்கும் எங்கள் வீட்டுச் சோற்றுக்கும் அதன் மடியே பொறுப்பு.

அந்த ஆண்டு மாட்டுப் பொங்கலன்று மூன்றையும் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டோம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் இலையில் பொங்கல் கொண்டுவந்து தம் கையாலேயே மாட்டுக்கு ஊட்டுவது எங்கள் சந்தின் வழக்கம். வற்றிய மாட்டுக்கு ஊட்டினால் புண்ணியம் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாக் கைகளும் செவலையின் வாய்க்கே போயின. நான் கொட்டகை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எதைக் கண்டாலும் எண்ணும் வியாதி எனக்கு அப்போதே உண்டு. விடிவதற்குள் முதல் ஆளாக அப்பா ஊட்டினார். அது ஒரு வெண்கலப் பானை நிறைய. அதன் பிறகு ஏழு வீடுகள்.

மதியத்துக்குமேல் செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டது. இடப்பக்கம் வயிறு புடைத்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, படுப்பதும் எழுவதுமாக இருந்தது. அப்பா ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்தார். அம்மாவின் தம்பியான அவர் மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளர். வேனில் டாக்டரையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். டாக்டர் சீனர், மாமாவும் அவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். வேலை தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். டாக்டர் கையை நீட்டும்போது வேண்டிய சாமான் அங்கே இருக்கும். அவர் கேட்டுப் பெற்றதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் மாமா கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்த வெண்கலப் பானைமேல் அவர் கண் கொஞ்சம் தங்கியது. டாக்டர் செவலையின் விலாவில் கைமுட்டியை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. வாய்வழியாக நீண்ட ரப்பர் குழாயை இறக்கினார்கள். கொஞ்சம் காற்று வந்தது, வீக்கம் வடியவில்லை. டாக்டர் ஏதோ கேட்க, மாமா அதைத் தமிழில் சொன்னார்.

"கொஞ்சமா தின்னிருந்தா மருந்து ஊத்தினா போதும். நிறைய தின்னிருந்தா சோறு உள்ளயே புளிச்சு மாட்டைக் கொன்னுடும். விலாவைத் திறந்து அள்ளணும். எவ்வளவு தின்னுச்சு, அத்தான்?"

"சாங்கியத்துக்கு ஒரு பிடி," என்றார் அப்பா. "வயித்தைக் கிழிக்கிற பேச்செல்லாம் வேணாம்."

கூடியிருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பூக்கடை அத்தை விரலால் தொட்டுத்தான் வைத்தாராம். தையற்கடைச் சித்தி பாதிப் பழம்தான் கொடுத்தாராம். பொங்கலன்று பசுவைக் கொன்ற பேர் யாருக்கு வேண்டும்? அந்தக் கணக்கை நம்பினால் செவலை அன்று பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

டாக்டர் மருந்துப் போத்தலையும் கத்திப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். மாமா அப்பாவிடம் இரண்டு வாளிகளைக் கொடுத்தார்.

"சந்து முனைக் குழாயில ரெண்டு வாளி புடிச்சிட்டு வாங்க அத்தான். கொஞ்சம் சீக்கிரம்."

"இங்கயே குழாய் இருக்கே மாமா," என்றேன் நான்.

"அந்தத் தண்ணிதான் வேணும்லா."

அப்பா போய்விட்டார். மாமா ரப்பர் குழாயின் நுனியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். எனக்கு வந்தது புளித்த நாற்றம்தான்.

"என்னா நெய் வாசம். இவ்வளவு நல்ல பொங்கல் யார் வீட்டுது?"

பூக்கடை அத்தை தொண்டையைச் செருமினார்.

"நெய்யின்னா எங்க வீட்டுதுதான் தம்பி. அரைப் போத்தல் ஊத்தினேன்."

"ஒரு விரலுக்கா இவ்வளவு வாசம்?"

"விரலா? ஒரு இலை நிறைய வச்சேன். இலையோட சேர்த்துத் தின்னுச்சு."

"நெய்ய ஊத்திட்டா பொங்கலாயிடுமா?" என்று தையற்கடைச் சித்தி முன்னே வந்தார். "எங்க வீட்டுது ரெண்டு இலை. ரெண்டாவதுக்கு அதுவே தலைய நீட்டுச்சு, கேட்டுப் பாருங்க."

"யாரை, மாட்டையா?" என்றார் அத்தை.

மளிகைக்கடை பாய் மட்டும் அடக்கமாகச் சொன்னார்: "பொங்கல் நமக்குத் தெரியாது. ஆனா பழம் ஒரு முழுச் சீப்பு. நம்ம கடைப் பழம்."

மாமா ஒவ்வொருவரிடமும், "அதானே பார்த்தேன்," என்று தலையாட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாடு சாகக் கிடக்கிறது, இவர் ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஏழு வீடும் சொல்லி முடித்தது.

"மாமா, இன்னும் ஒண்ணு..." என்று தொடங்கினேன்.

"நீ போய் அதோட நெத்தியைத் தடவிக் கொடு," என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

பிறகு டாக்டரிடம் தணிந்த குரலில் கணக்குச் சொன்னார். கடைத்தெருவில் பழகிய மலாய் எண்கள் எனக்குத் தெரியும். அவர் சொன்னது ஏழு அல்ல, லாப்பான். எட்டு. சொல்லிவிட்டு இரு கைகளாலும் காற்றில் ஒரு பானையின் வயிற்றை வரைந்தார். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

அப்பா வாளிகளோடு வந்தபோது மாமா சொன்னார்: "திறக்கணும் அத்தான். ஏழு வீட்டுக்காரங்க ஊட்டியிருக்காங்க. நீங்க என்ன பண்ண முடியும்?"

அப்பா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையசைத்தார்.

செவலையை நிற்கவைத்தே செய்தார்கள். விலாவில் முடி மழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, வரிசையாக மரத்துப்போவதற்கான ஊசிகளைப் போட்டார்கள். டாக்டரின் கை தோள்வரை உள்ளே போய், மஞ்சள் மாறாத சோற்றை அள்ளி அள்ளி வெளியே போட்டது. மாமா வெட்டின் விளிம்பைப் பிடித்த பிடி, அது முடியும்வரை அசையவில்லை. சோற்றில் முந்திரி தெரிந்தபோது தையற்கடைச் சித்தி பெருமையோடு அத்தையைப் பார்த்தார். எத்தனையோ பேரின் கைத்திறமையைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பேரும் தைத்து முடித்ததைப் போல் இன்னொன்று பார்த்ததில்லை.

மறுநாள் செவலை மெல்ல அசைபோடத் தொடங்கியது. அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமா தையலைப் பார்க்க வந்தபோதெல்லாம் அப்பா தாமே எழுந்துபோய் அவருக்குக் காப்பி கலந்துகொண்டு வந்தார். அதற்கு முன் அவர் யாருக்கும் காப்பி கலந்து நான் பார்த்ததில்லை.

என் கவலை வேறாக இருந்தது. ஏழு வீட்டை விசாரித்தவருக்கு எட்டு எப்படி வந்தது? எட்டாவதைச் சொல்லத்தான் என்னை விடவில்லையே. அது போகட்டும் என்றாலும் தண்ணீர் விஷயம் மனத்தை அரித்தது. கொட்டகைக் குழாயிலும் சந்து முனைக் குழாயிலும் ஒவ்வொரு குவளை பிடித்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறத்தில் வித்தியாசமில்லை. குடித்தும் பார்த்தேன். மாமாவுக்கு மாட்டு வைத்தியம் நன்றாகத் தெரியும், தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.